புது ஒட்டுண்ணிக் குளவி ஒண்ணு கிடைச்சா அதோட உடம்பை எப்படி எழுதி வைப்பாங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கயாவது "புது குளவி இனம் கண்டுபிடிப்பு"ன்னு நியூஸ் வந்தா போதும், சொந்தக்காரங்கள்லேர்ந்து கூடப் படிச்சவங்க வரைக்கும் லிங்க்கை எனக்கு அனுப்பி இது என்ன அது என்னன்னு கேப்பாங்க, ஏன்னா கொஞ்ச வருஷம் எள்ளு சைஸ்ல இருக்குற குளவிகளை அட்டை முனையில ஒட்டி மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சு கொம்பு (அதாவது உணர்கொம்பு), கால், மயிருன்னு எண்ணிட்டு இருந்தவன் நான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி அலுத்துப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். பேசுறதுக்கு ஒரு குளவி வேணும்ல, அதுக்கு யூடெரஸ் செட்னு ஒரு ஒட்டுண்ணிக் குளவியை எடுத்துக்குறேன், நடுநடுவுல மத்ததும் வரும்.

யூடெரஸ் செட்டா? அது எந்த ஊரு குளவி?

அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கம். ஃப்ளோரிடால இன்லெட் பீச்னு ஒரு கடற்கரை ஊர், அங்க நிக்கிற ஓக் மரக் கிளைகள்லேர்ந்து கிடைச்சது. ஹூஸ்டன்ல இருக்குற ரைஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க, ஸ்காட் ஈகன், கெல்லி வீனர்ஸ்மித் அப்புறம் கூட்டாளிங்க, 2017 ஜனவரில இதைப் புது இனம்னு எழுதினாங்க.

கதை இப்படிப் போகும். பாஸெட்டியா பாலிடான்னு இன்னொரு குளவி இருக்கு, அது ஓக் கிளைக்குள்ள முட்டை வச்சு மரத்தையே ஒரு சின்ன அறை கட்ட வச்சிடும், குட்டி அதுக்குள்ளயே தின்னு வளர்ந்து கடைசியில மரத்தைக் கடிச்சு ஓட்டை போட்டு வெளிய பறந்துரும். இது சாதாரணமா நடக்குறது. செட் உள்ள நுழைஞ்சிருந்தா, அந்த பாஸெட்டியா வழக்கத்தைவிட சின்ன ஓட்டையா போட்டு அதுல தலையை மட்டும் விட்டு சிக்கிக்கும், பாட்டிலுக்குத் தக்கை வச்ச மாதிரி. செட் பின்னாடிலேர்ந்து அதைத் தின்னு முடிச்சு, கடைசியா அந்தத் தலையையே உடைச்சுகிட்டு வெளிய வரும். எகிப்துக் கதைல செட்ங்கிற சாமி தன் கூடப்பொறந்த ஓசிரிஸை ஏமாத்தி பெட்டிக்குள்ள அடைச்சுக் கொல்லும், அந்தப் பேரைத்தான் வச்சிருக்காங்க. பேர் வச்சவங்களுக்கு ரசனை இருக்கு.

ஒட்டுண்ணிக் குளவின்னா நம்ம வீட்டு மூலைல மண்கூடு கட்டுதே, அதுவா?

அது இல்ல, ஆனா தூரத்து சொந்தம். "குளவி கொட்டக் கொட்ட புழுவும் குளவியாகும்"னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, அதைச் சொன்னவங்க நல்லாவே கவனிச்சிருக்காங்க, முடிவைத்தான் தப்பா எடுத்துட்டாங்க. மண்குளவி புழுவைக் கொட்டி மயங்க வச்சு கூட்டுக்குள்ள போட்டு முட்டையிட்டு மூடிடும், கொஞ்ச நாள்ல கூட்டுலேர்ந்து குளவி வரும், ஆகையால புழுதான் குளவியாச்சுன்னு நினைச்சிருக்காங்க. புழு குளவியாகல, குளவிக் குட்டிக்கு சாப்பாடாச்சு.

ஒட்டுண்ணிக் குளவி கூடு கட்டுற வேலையே வச்சுக்காது. புழு எங்க இருக்கோ அங்கயே போய் அது மேலயோ உள்ளயோ முட்டை வச்சிட்டுப் போயிரும். அதோட பேன், உண்ணி மாதிரி ரத்தத்தைக் குடிச்சிட்டு விட்டுடவும் செய்யாது, கடைசியில ஆளை முடிச்சிட்டுத்தான் விடும்.

இத்தனூண்டு பூச்சில எங்கேர்ந்து பார்க்க ஆரம்பிப்பாங்க?

முதல்ல பூச்சியை ஒழுங்கா காய வைக்கணும், பாதி அழுகை அங்கதான். ஆல்கஹால்ல கிடந்த குட்டிக் குளவியை அப்படியே எடுத்து வெளிய வச்சா, காய்ஞ்சதும் தலை காத்து போன பந்து மாதிரி உள்ள அமுங்கிப் போயிரும், அப்புறம் அந்த முகத்துல எதை அளக்குறது? நான் ஆரம்பத்துல ஒரு சீசன் சேகரிச்சதுல பாதியை அப்படித்தான் கெடுத்தேன். அதுக்குன்னு கிரிட்டிகல் பாயிண்ட் ட்ரையர்னு மெஷின் இருக்கு, அது இல்லாத இடத்துல கெமிக்கல் வச்சு சமாளிப்பாங்க.

காய்ஞ்ச குளவியை முக்கோணமா வெட்டின அட்டையோட கூர்முனையில ஒரு பொட்டு பசை வச்சு பக்கவாட்டுல ஒட்டுவாங்க. ரொம்பப் பொடிசா இருந்தா தலை, கொம்பு, இறக்கைன்னு தனித்தனியா பிரிச்சு கண்ணாடித் தகடுல கனடா பால்சம்ங்கற மரப் பிசினை ஊத்தி மூடுவாங்க, மூச்சு வேகமா விட்டாக்கூட ஒரு கொம்பு பறந்துரும்.

எண்ணுறது பாதத்துலேர்ந்து. சும்மா சொல்லல, பாதத்துல எத்தனை கண்ணின்னு (கோர்த்த மாதிரி இருக்குற துண்டுகளுக்குப் பேரு கண்ணி) பார்த்தாலே எந்தக் குடும்பம்னு பாதி சல்லடை போட்டுரலாம். கால்சிட் குளவிகள்ல (இந்தக் குட்டிக் குளவிகளோட பெரிய கூட்டத்துக்கு அதான் பேரு, பேர் வச்சதே 22 ஆயிரத்துக்கு மேல இருக்கு) பெரும்பாலானதுக்கு அஞ்சு கண்ணி, யூலோஃபிடே குடும்பத்துக்கு நாலு, ட்ரைக்கோகிராமா குடும்பத்துக்கு மூணு. செட் யூலோஃபிடேல வர்றது, அதனால நாலு.

தலை, நெஞ்சு, வயிறுன்னு ஸ்கூல்ல படிச்சோம், இவங்க ஏன் "மீசோசோமா"ன்னு வேற என்னமோ எழுதுறாங்க?

இது எனக்குப் பிடிச்ச கேள்வி. குளவி இடுப்புன்னு சொல்றோம்ல, அந்த ஒல்லி இடுப்பு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குன்னுதான் எல்லாரும் நினைப்போம், கிடையாது. வயித்தோட முதல் கண்ணி அப்படியே முன்னாடி போய் நெஞ்சோட ஒட்டிக்கிச்சு, இடுப்பு வர்றது வயித்தோட முதல் கண்ணிக்கும் ரெண்டாவது கண்ணிக்கும் நடுவுல. அந்த ஒட்டிப்போன கண்ணிக்குப் பேரு ப்ரோபோடியம். அதனால "நெஞ்சு"ன்னு எழுதினா பொய், "வயிறு"ன்னு எழுதினாலும் பொய், அதுக்குத்தான் நடு உடம்புக்கு மீசோசோமா பின் உடம்புக்கு மெட்டாசோமான்னு புதுப் பேர். எறும்புக்கும் இதே கதைதான், ரெண்டும் ஒரே வம்சம்.

இப்படி ஒல்லியாகி என்ன லாபம்னா வயித்தை எந்தப் பக்கமும் வளைச்சு ஊசியைக் குறி பார்த்துக் குத்தலாம். இடுப்பு சிக்குன்னு இருக்குறது அழகுக்கு இல்ல.

ப்ரோபோடியத்தை இனம் பிரிக்க நிறைய பயன்படுத்துவாங்க, ஏன்னா அதுல நடுக்கோடு இருக்கா, ஓரத்துல மடிப்பு இருக்கா, வழவழன்னு இருக்கா வலைப்பின்னல் மாதிரி இருக்கான்னு இனத்துக்கு இனம் மாறும். ஆராய்ச்சிப் பேப்பர்ல "ரெட்டிகுலேட்"னு வந்தா வலை மாதிரி, "பங்டேட்"னு வந்தா குழிகுழியா, "ஸ்ட்ரையேட்"னு வந்தா கோடுகோடா. இந்த மூணு தெரிஞ்சா பாதி பேப்பர் புரிஞ்ச மாதிரி.

கொம்பைப் பத்தி ஒரு பக்கத்துக்கு எழுதுறாங்களே, அவ்ளோ முக்கியமா?

ஆமா. நமக்கு மூக்கு, நாக்கு, விரல் செய்யுற வேலையெல்லாம் அதுக்குக் கொம்புதான், மரத்துக்குள்ள மறைஞ்சு கிடக்குற புழுவைக் கண்டுபிடிக்கறதே அதை வச்சுத்தான். அடில நீளமா ஸ்கேப், அப்புறம் பெடிசெல், அதுக்கப்புறம் மோதிரம் மாதிரி மெல்லிசா ஒண்ணு ரெண்டு வளையம், பிறகு ஃபனிக்கிள்னு வரிசையா கண்ணிகள், நுனியில தடிச்ச கிளாவா. யூலோஃபிடேல ஃபனிக்கிள் கண்ணி பெரும்பாலும் ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள அடங்கிடும். அந்த மோதிர வளையத்தை எண்ணுறதுலதான் சண்டையே வரும், ஒருத்தர் ரெண்டுங்கறாரு இன்னொருத்தர் மூணுங்கறாரு, ரெண்டு பேரும் அதே குளவியைப் பார்த்துதான் சொல்றாங்க.

சில இனத்துல ஆணுக்கும் பொண்ணுக்கும் கொம்பு சம்பந்தமே இருக்காது. யூலோஃபஸ் ஆண் குளவிக்கு மான் கொம்பு மாதிரி கிளை விட்டிருக்கும், பொண்ணுக்கு சாதாரணக் கொம்பு. ஜோடியா வளர்த்துப் பார்க்காம ரெண்டையும் தனித்தனி இனம்னு பேர் வச்ச கூத்தெல்லாம் பூச்சி உலகத்துல நிறைய உண்டு.

இறக்கைல என்ன இருக்கு பார்க்க?

தட்டான் இறக்கையைப் பார்த்திருப்பீங்க, மீன் வலை மாதிரி நரம்பா இருக்கும். கால்சிட் குளவிக்கு முன் ஓரத்தை ஒட்டி ஒரே ஒரு நரம்பு போகும், அதுலேர்ந்து ஒரு சின்ன காம்பு கீழ இறங்கும், அந்தக் காம்புக்கு ஸ்டிக்மல் நரம்புன்னு பேரு, அவ்ளோதான். நரம்பு இல்லாததால மயிர் வரிசையைப் பார்ப்பாங்க. யூடெரஸ் பேரினத்தை (நெருங்கின இனங்களைச் சேர்த்து வச்ச கூட்டம்தான் பேரினம்) இறக்கையை வச்சே பிடிக்கலாம், அந்த ஸ்டிக்மல் நரம்புகிட்டேர்ந்து மயிர்க் கோடுகள் விசிறி மாதிரி பிரிஞ்சு போகும், ஒரு தடவை பார்த்துட்டா மறக்காது. பெரிய குளவிகள்ல நரம்பு வேலைக்கு ஆகும், உதாரணத்துக்கு இக்னியூமோனிடே, ப்ரகோனிடேன்னு ரெண்டு குடும்பம், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், முன் இறக்கைல ஒரு குறுக்கு நரம்பு இருந்தா முதலாவது, இல்லன்னா ரெண்டாவது.

பொடிசாகப் பொடிசாக இறக்கையே வேற மாதிரி ஆயிரும். கோஸ்டாரிகால கிடைச்சு 2013ல பேர் வச்ச டிங்கர்பெல்லா நானாவோட மொத்த நீளமே 250 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல கால்வாசி. ஹவாயிலேர்ந்து 2000ல எழுதின கிகிகி ஹூனா அதுக்கும் கீழ, 158 மைக்ரான். இந்த சைஸ்ல காத்தே தேன் மாதிரி கெட்டியாத் தெரியும், அதனால இறக்கை அகலமா இருந்து பிரயோஜனம் இல்ல, ஒரு குச்சி, அதைச் சுத்தி நீள நீளமா மயிர், அதை வச்சு துடுப்பு போடுற மாதிரி போகும்.

ஏன் மில்லிமீட்டர்ல சொல்லாம "1.5 மடங்கு", "2 மடங்கு"ன்னே எழுதுறாங்க?

ஏன்னா குளவியோட சைஸ் அது தின்ன சாப்பாட்டைப் பொறுத்தது. பெரிய புழுவுக்குள்ள வளர்ந்தா பெருசா வரும், அதே தாய் போட்ட இன்னொரு முட்டை நோஞ்சான் புழுவுக்குள்ள போயிருந்தா பாதி சைஸ்ல வரும். நீளத்தை மட்டும் நம்பினா ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களை ரெண்டு இனம்னு எழுதிருவோம். விகிதம் அவ்ளோ சீக்கிரம் ஏமாத்தாது, அதனாலதான் கண்ணியோட நீளம் அகலத்தைப்போல எத்தனை மடங்கு, உச்சந்தலைல இருக்குற மூணு குட்டிக் கண்ணுல பின்னாடி ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம், அதுலேர்ந்து பெரிய கண்ணு எவ்ளோ தூரம்னு எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு வச்சு சொல்றது.

விகிதத்தையும் கண்ணை மூடிட்டு நம்பக்கூடாது. ட்ரைக்கோகிராமா செம்ப்லிடிஸ்னு ஒரு இனம், அந்துப்பூச்சி முட்டைல வளர்ந்தா ஆணுக்கு இறக்கை இருக்கும், ஆல்டர் ஈங்கற தண்ணியோரப் பூச்சியோட முட்டைல வளர்ந்தா ஆணுக்கு இறக்கையே இருக்காது. 1937லயே இதை எழுதிட்டாங்க. சாப்பாடு மாறினதுக்கு இறக்கையே காணாம போகுதுன்னா நாம என்னத்த சொல்ல.

ஃபோட்டோல நீலமும் பச்சையுமா மின்னுதே, கலரை வச்சு கண்டுபிடிக்க முடியாதா?

செட் நிஜமாவே அழகு, மயில் கழுத்து மாதிரி நீலப்பச்சையா மின்னும், நியூஸ்ல எல்லாரும் அந்த ஃபோட்டோவைத்தான் போட்டாங்க. ஆனா அது சாயம் இல்ல, தோல் அடுக்கு வெளிச்சத்தைப் பிரிக்கிறதால வர்ற மினுக்கு, லைட்டை இந்தப் பக்கம் திருப்பினா நீலம், அந்தப் பக்கம் திருப்பினா பச்சை, ஆல்கஹால்ல கிடந்தா இன்னொண்ணு. அதோட இந்த மினுக்கு கால்சிட் கூட்டத்துல பாதிக்கு இருக்கு. கலரை எழுதத்தான் செய்வாங்க, அதை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டாங்க.

அந்த ஊசி நம்மளக் குத்துமா? இவ்ளோ ஒல்லியா இருந்துகிட்டு மரத்தை எப்படித் துளைக்குது?

செட் மாதிரி குட்டிங்களுக்கு நம்ம தோல்ல குத்தத் தெம்பு கிடையாது. ராத்திரி ட்யூப் லைட்டுக்கு வர்ற ஆரஞ்சு கலர் இக்னியூமன் சிலது கையில பிடிச்சா சுருக்குன்னு குத்தும், அவ்ளோதான். கதண்டு, தேனீ இதுங்களுக்கு இருக்குற கொடுக்கும் இதே ஊசி மாறி வந்ததுதான், அதுங்க ஊசியை விஷத்துக்கு மட்டும் வச்சுகிட்டு முட்டையை வேற வழில விட்டுருச்சு.

வெளிய ரெண்டு உறை, உள்ள மூணு பட்டை. மேல ஒண்ணு, கீழ ரெண்டு. மேல் பட்டைல தண்டவாளம் மாதிரி ஒரு விளிம்பு, கீழ் பட்டைல அதுக்கேத்த பள்ளம், ஆபீஸ் மேஜை ட்ராயர் சேனல்ல ஓடுமே அதே டெக்னிக். ரெண்டு கீழ் பட்டையும் மாத்தி மாத்தி முன்னும் பின்னும் நகரும், ஒண்ணு பிடிச்சுக்கும் இன்னொண்ணு உள்ள போகும், அதனால மேலேர்ந்து ஆணி மாதிரி அடிக்க வேண்டிய அவசியமே இல்ல. முட்டை அந்தக் குழாயைவிடப் பெருசா இருந்தாலும் நசுங்கி நீண்டு உள்ள போய்ட்டு அந்தப் பக்கம் பழையபடி உருண்டையாயிரும்.

"அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தா அத்தனையும் புழு"ன்னு சொல்றோம்ல, அந்தக் காய்க்குள்ள இருக்கறதுல ஒரு பங்கு இந்தக் குளவி சமாச்சாரம்தான். நம்ம அத்திக்காயை வெளிலேர்ந்தே துளைச்சு முட்டையிடுற ஒட்டுண்ணிக் குளவி ஒண்ணு இருக்கு, அபோக்ரிப்டா. பெங்களூர் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்ல 2014ல அதோட ஊசி முனையை ஆராய்ஞ்சாங்க, ரம்பம் மாதிரி பல்லு, அந்தப் பல்லுல துத்தநாகம் ஏத்திக் கெட்டிப்படுத்தி வச்சிருக்கு. ட்ரில் பிட்டுக்கு நுனியில மட்டும் கெட்டியான உலோகம் வைக்கிறோமே, அதேதான்.

ஊசி ஒல்லியாத்தான் இருக்கணும்னும் இல்ல. பெரு நாட்டு அமேசான் பக்கத்துலேர்ந்து 2018ல ஃபின்லாந்து துர்க்கு யுனிவர்சிட்டி ஆளுங்க எழுதின க்ளிஸ்டோபைகா க்ராசிகாடேட்டாவுக்கு ஊசி உடம்போட ஒப்பிட்டா நம்ப முடியாத அளவுக்கு நீளம், அகலமும் ஜாஸ்தி. அந்த வகைக் குளவிங்க சிலந்திகிட்ட வேலை காட்டுற கூட்டம்.

பொண்ணு குளவியை மட்டும்தான் வர்ணிப்பாங்களா?

பெரும்பாலும் பொண்ணுதான் முதல்ல, ஊசி அதுகிட்டதானே இருக்கு. ஆனா இதுக்கு ஒரு பெரிய விதிவிலக்கு நம்ம பக்கத்துலேர்ந்தே வந்தது. கரும்பு போடுறவங்களுக்கு இடைக்கணு புழுவுக்குக் கட்டுற ஒட்டுண்ணி அட்டை தெரியும், அதுல இருக்குறது ட்ரைக்கோகிராமா. பொண்ணுங்க எல்லாம் அச்சுல வார்த்த மாதிரி ஒரே மாதிரி இருக்கும், எந்த இனம்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியல. பெங்களூர்ல வேலை பார்த்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் 1968ல ஆண் குளவியோட இனப்பெருக்க உறுப்பைப் பாருங்க, அதுலதான் வித்தியாசம் இருக்குன்னு காட்டினாங்க, உலகம் முழுக்க ட்ரைக்கோகிராமா பார்க்குறவங்க அதுக்கப்புறம் அந்த வழிக்கு வந்துட்டாங்க. ரொம்ப வருஷம் இந்தியால ட்ரைக்கோகிராமா ஆஸ்ட்ரேலிகம்னு சொல்லிட்டு இருந்த இனம் உண்மைல ட்ரைக்கோகிராமா கைலோனிஸ்னு தெளிவானதும் இந்த மாதிரி வேலைலதான். அரை மில்லிமீட்டர் பூச்சியோட அந்த உறுப்பை ஸ்லைடுல நேரா படுக்க வைக்கிறது இருக்கே, சொல்லி மாளாது.

இப்பதான் டிஎன்ஏ இருக்கே, இன்னும் எதுக்கு மயிரை எண்ணிகிட்டு?

இந்தச் சண்டை நிஜமாவே நடந்துச்சு. கோஸ்டாரிகா ப்ரகோனிட் குளவிகள்ல 403 புது இனத்தை 2021ல ஒரே பேப்பர்ல போட்டாங்க, பெரும்பாலானதுக்கு டிஎன்ஏ பார்கோடும் (இனத்தை அடையாளம் காட்டுற ஒரு சின்ன டிஎன்ஏ துண்டு) ஒரு ஃபோட்டோவும்தான், உடம்பு வர்ணனை கிட்டத்தட்ட கிடையாது. அவங்க வாதம், ஒவ்வொண்ணா எழுதிட்டு இருந்தா காடு அழியறதுக்குள்ள முடிக்க முடியாதுங்கறது. எதிர்த்தவங்க வாதம், சீக்வென்ஸ் போட வசதியில்லாதவன் கையில இருக்குற குளவியை இதை வச்சு எப்படிக் கண்டுபிடிப்பான், நூறு வருஷத்துக்கு முந்தி ஊசில குத்தி வச்ச பழைய குளவியோட எப்படி ஒப்பிடுவான்ங்கறது.

எனக்கு ரெண்டாவது கட்சிமேலதான் சாய்வு. இந்த வர்ணனையெல்லாம் ரசிக்கிறதுக்கு எழுதுறது இல்ல, நாளைக்கு வேற ஊர்ல வேற ஒருத்தர் மைக்ராஸ்கோப்புக்குக் கீழ ஒரு குளவியை வச்சுகிட்டு இது அதானான்னு முழிக்கும்போது அவருக்குப் பதில் சொல்றதுக்கு எழுதுறது. அதுக்காக டிஎன்ஏ வேண்டாம்னு சொல்லல, உடம்புல வித்தியாசமே காட்டாத இனங்களை அதுதான் பிரிச்சுக் குடுக்குது, ரெண்டும் சேர்ந்து வந்தா யாருக்கும் வலிக்காது.

செட்டோட உடம்பைப் பார்த்தே அது இன்னொரு குளவியை இப்படி ஆட்டி வைக்கும்னு சொல்லிற முடியுமா?

முடியாது. மயிர்க் கோட்டை எண்ணினா பேரினம் தெரியும், பாஸெட்டியா தலைல ஓட்டை போட்டு வரும்னு தெரியாது. அதுக்குக் கிளையை வெட்டிட்டு வந்து, உள்ள யாரு இருக்காங்கன்னு பிரிச்சுப் பார்த்து, எது வருதுன்னு காத்துக் கிடக்கணும். ரைஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க ஒரு நல்ல சோதனை செஞ்சாங்க. அடைபட்ட பாஸெட்டியா தலைக்கு மேல மரப்பட்டைத் துண்டை ஒட்டி வச்சுட்டாங்க, அப்படிச் செஞ்சதுல செட் வெளிய வர முடியாம உள்ளயே சாகுறது கிட்டத்தட்ட மூணு மடங்கு ஆயிருச்சு. அதாவது தலையை உடைக்கிறது சுலபம், மரப்பட்டையை உடைக்கிறது கஷ்டம், அதனாலதான் கஷ்டமான வேலையை இன்னொருத்தன் தலைல கட்டுது. 2019ல பார்த்தா பாஸெட்டியா மட்டுமில்ல, இன்னும் ஆறு வகைக் குளவியை இதே மாதிரி பண்ணுதுன்னு தெரிஞ்சுது.

"ஹோலோடைப்"னா என்ன?

அந்தப் பேருக்குச் சொந்தமான ஒரே ஒரு குளவி. நாளைக்கு சண்டை வந்தா எல்லாரும் அந்த ஒண்ணைத்தான் எடுத்துப் பார்ப்பாங்க. 1999க்கு அப்புறம் வர்ற பேருக்கு டைப்பு எதுன்னு வெளிப்படையா சொல்லியே ஆகணும்ங்கறது சட்டம், எந்த மியூசியத்துல வச்சிருக்குன்னும் எழுதணும். மத்த கூட வந்த குளவிகளுக்குப் பேரு பாராடைப்.

எங்க வீட்டுச் செடில ஒரு புழு மேல அரிசி மாதிரி வெள்ளையா ஒட்டிகிட்டு இருக்கு, புது இனமா இருக்குமா?

அது பெரும்பாலும் ப்ரகோனிட் குளவிக் குட்டி தன்னைச் சுத்தி நெய்யுற உறை, புழு முட்டைன்னு நினைச்சு நசுக்கிறாதீங்க. புது இனமா இருக்கவும் வாய்ப்பு உண்டுதான், இவ்ளோ வருஷம் ஆராய்ஞ்ச பழ ஈலயே, வளர்ந்த ஈக்குள்ள முட்டை வைக்கிற குளவி ஒண்ணு அமெரிக்காவோட மிசிசிப்பில கிடைச்சு 2024லதான் எழுதினாங்க.

புழுவை இலையோட ஒரு டப்பால போட்டு மேல துணி கட்டுங்க, கொசுவலை வேண்டாம், அந்த ஓட்டைல குளவி போயிரும். வெளிய வந்த குளவியை கெட்டியான ஆல்கஹால்ல போடுங்க, செத்த புழுவையும் தூக்கிப் போடாம அதே டப்பால வையுங்க, எந்தப் புழுலேர்ந்து வந்துச்சுன்னு தெரியலன்னா குளவிக்குப் பாதி மதிப்பு போச்சு. சின்ன காகிதத்துல ஊர், தேதி, செடி பேர் எழுதி பாட்டிலுக்குள்ளயே போடுங்க, பென்சில்ல எழுதுங்க. பால்பாயிண்ட்ல எழுதினா ஒரு வாரத்துல மை கரைஞ்சு வெள்ளைக் காகிதமும் ஊதா ஆல்கஹாலும்தான் மிஞ்சும், எங்கிட்ட அப்படி மூணு பாட்டில் இன்னும் இருக்கு.